உள்முரணும் மனத்தின் தற்காப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்முரண் என்பது எது? இரண்டு மனமாக இருப்பதா?

வேலையை விடலாமா வேண்டாமா என்று தவிக்கும்போது 'இரண்டு மனமாக இருக்கிறது' என்கிறோம். அங்கே இரண்டு பக்கமும் நமக்குத் தெரியும். பேச்சின் வழியே மறைந்த மனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த மருத்துவர் ஃபிராய்ட். அவர் பேசிய முரணில் ஒரு பக்கம் நமக்கே தெரியாது. ஓர் ஆசை எழுகிறது. அதை ஒப்புக்கொண்டால் தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் மதிப்பு குலைந்துவிடும். ஆகவே அது அறிவுக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளப்படுகிறது; இதுதான் ஒடுக்கம். தள்ளப்பட்டது அங்கே சும்மா கிடப்பதில்லை. வலியாக, பயமாக, காரணமில்லாத சடங்காக, கனவாக வேறு உருவில் திரும்பி வருகிறது. உளப்பகுப்பாய்வின் அடிப்படைக் கதை இவ்வளவுதான்.

ஓர் உண்மை நிகழ்வைப் பார்க்கலாம். 1892ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் கால்வலியோடு 24 வயதுப் பெண் ஒருவர் ஃபிராய்டிடம் வந்தார். ஃபிராய்ட் எழுத்தில் அவருக்கு எலிசபெத் ஃபான் ஆர் என்று பெயர். நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்தவர்; தந்தையை இழந்தவர்; பிறகு அக்காவையும் இழந்தவர். நடக்கவே சிரமப்பட்டார். உடலில் அந்த வலிக்கு ஈடான காரணம் தென்படவில்லை. நீண்ட உரையாடலுக்குப் பிறகு ஃபிராய்ட் வந்துசேர்ந்த முடிவு இது: இறந்துகிடந்த அக்காவின் கட்டிலருகே நின்றபோது, 'இனி அத்தானுக்குத் தடை இல்லை, நான் அவருக்கு மனைவியாகலாம்' என்ற எண்ணம் மின்னல்போல் வந்து போயிருக்கிறது. அதைத் தாங்க முடியாமல் மனம் அதை வெளியேற்றியது. வலி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

அக்காள் இறந்தால் தங்கையை அவள் கணவனுக்கே கட்டிவைப்பது நம் குடும்பங்கள் பலவற்றில் நடந்த வழக்கம். ஆகவே இதில் என்ன பெரிய குற்றம் என்று நமக்குத் தோன்றலாம். திருமணம் குற்றமல்ல, அந்த எண்ணம் வந்த நேரம்தான் குற்றமாக உறுத்தியது. எது தாங்க முடியாத எண்ணம் என்பதை ஓரளவுக்கு ஊரும் காலமும்தான் முடிவு செய்கின்றன. இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்பவை மூளையின் பகுதிகளா?

இல்லை. மூளையைத் திறந்து பார்த்தால் இவை அகப்படமாட்டா. 1923இல் ஃபிராய்ட் வகுத்த வேலைப் பிரிவுகள் இவை. இட் உடனடி நிறைவைக் கேட்கிறது. சூப்பர் ஈகோ பெற்றோரிடமிருந்து உள்வாங்கிய தடைகளையும் இலட்சியங்களையும் கொண்டு கண்காணிக்கிறது. ஈகோ இந்த இரண்டோடும் வெளியுலகத்தோடும் ஒரே நேரத்தில் பேரம் பேசுகிறது. பேச்சு வழக்கில் 'அவனுக்கு ஈகோ அதிகம்' என்று சொல்லும் ஈகோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே ஈகோ அதிகம் என்றால் நல்லதுதான்.

தற்காப்பு உத்தி எப்போது இயங்கத் தொடங்குகிறது?

தாங்க முடியாததை அறிவுக்கு எட்டாமல் வைக்க மனம் கையாளும் வழியே தற்காப்பு உத்தி. 'தற்காப்பு' என்ற கருத்தை ஃபிராய்ட் 1894லேயே எழுதிவிட்டார். ஆனால் அதன் இயக்கத்தைத் தெளிவாக்கியது 1926இல். அதுவரை, ஒடுக்கப்பட்ட ஆசைதான் பதற்றமாக மாறுகிறது என்று சொல்லிவந்தவர், வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் வருவது பதற்றம். தடைசெய்யப்பட்ட ஒன்று மேலே வரப்போகிறது என்று ஈகோ உணர்ந்தவுடன் சிறிதளவு பதற்றத்தை எச்சரிக்கையாக எழுப்புகிறது. அந்த எச்சரிக்கையைக் கேட்டுத்தான் தற்காப்பு செயல்படுகிறது. எல்லாம் கணப்பொழுதில், நமக்குத் தெரியாமல். எழுபது வயதில் தன் சொந்தக் கோட்பாட்டைத் திருப்பிப் போட்ட இந்தத் துணிச்சலை அவரைக் கடுமையாக விமரிசிப்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மொத்தம் எத்தனை உத்திகள்? தேர்வுக்குப் படிக்கிறேன்.

பி.எட். மாணவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுவோரும் தவறாமல் கேட்கும் கேள்வி. உறுதியான எண்ணிக்கை கிடையாது. ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்ட் 1936இல் எழுதிய நூலில் ஒன்பதைத் தொகுத்து, பத்தாவதாக உயர்மடைமாற்றத்தை (தகாத உந்துதலைக் கலை, உழைப்பு போன்ற உயர்ந்த வழியில் திருப்புவதை) சேர்த்தார். அதன்பின் வந்தவர்கள் அவரவர் விருப்பப்படி கூட்டினார்கள், குறைத்தார்கள். உங்கள் பாடநூலில் எத்தனை இருக்கிறதோ அத்தனையை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். புரிந்துகொள்ள வேண்டியவை சில மட்டுமே.

புறத்தெறிதல்: தன்னிடம் இருக்கும் வேண்டாத உணர்வை அடுத்தவரிடம் காண்பது. தனக்கு ஒருவர்மேல் பொறாமை. ஆனால் 'அவருக்கு என்னைக் கண்டால் ஆகவில்லை' என்று தோன்றும்.

எதிர்வினை உருவாக்கம்: உள்ளே இருப்பதற்கு நேர் எதிரானதை வெளியே மிகையாகக் காட்டுவது. இதை அடையாளம் காட்டுவது அந்த 'மிகை'தான். வேண்டாமல் பிறந்த குழந்தையைத் தரையில் விடாமல் கொஞ்சும் தாய் பாடநூல் உதாரணம். (உதாரணத்துக்கு ஏன் எப்போதும் தாயே கிடைக்கிறாள் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி, கீழே வருகிறது.)

உணர்வைப் பிரித்தெடுத்தல்: நடந்தது எல்லாம் நினைவில் இருக்கும், அதன் வலி மட்டும் இருக்காது. விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் காவல் துறை அறிக்கையை வாசிப்பதுபோல் நடந்ததைச் சொல்வார். கேட்பவர்களுக்குத்தான் தொண்டை அடைக்கும். பட்டியலில் அதிகம் கவனிக்கப்படாத இந்த உத்திதான் நேரில் அதிகம் தென்படுகிறது.

காரணம் கற்பித்தல்: எட்டாத பழத்தைப் புளிக்கும் என்பது. இச்சொல்லை இந்தப் பொருளில் 1908இல் புகுத்தியவர் ஃபிராய்டின் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ்.

அடித்தவரோடு ஒன்றுதல்: இது அன்னா ஃபிராய்ட் நுட்பமாகக் கண்டது. தன்னை மிரட்டியவரின் தோரணையையே குழந்தை எடுத்துக்கொள்கிறது. அஞ்சுபவன் அச்சுறுத்துபவன் ஆகிவிடுகிறான். ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த குழந்தை முதல் வேலையாகப் பொம்மைக்கு ஊசி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாமியாரிடம் பட்ட பாட்டையெல்லாம் மருமகளிடம் காட்டும் பெண்ணைப் பற்றியும் இந்த இடத்தில் பேசலாம்.

ஒடுக்குவதும் அடக்குவதும் ஒன்றுதானே?

இல்லை. கோபத்தை இப்போது காட்ட வேண்டாம், கூட்டம் முடியட்டும் என்று தெரிந்தே தள்ளிவைப்பது அடக்குதல். கோபம் வந்ததே தெரியாமல் தலைவலியோடு வீட்டுக்குப் போவது ஒடுக்கம். முதலாவது திறமை. இரண்டாவதற்குப் பின்னால் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் கோட்பாட்டின் வாதம். தமிழ்ப் பாடநூல்களில் இரண்டுக்கும் ஒரே சொல் மாறி மாறி வருவதால் குழப்பம் இயல்பே.

தற்காப்பு இருப்பதே நோயா?

தற்காப்பே இல்லாத மனிதர் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன மாலையில் 'அறிக்கை மாறியிருக்கும்' என்று நினைப்பவருக்கு அந்த மறுப்பு இரண்டு நாள் மூச்சு வாங்க இடம் தருகிறது. ஆறு மாதம் கழித்தும் அதே பேச்சு என்றால்தான் ஆபத்து.

இதை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலன்ட். ஹார்வர்டில் 1938இல் தொடங்கிய ஓர் ஆய்வு 268 மாணவர்களை முதுமை வரை பின்தொடர்ந்தது. அந்தத் தகவல்களைக் கொண்டு 1977இல் வேலன்ட் உத்திகளை நான்கு படிகளாக அடுக்கினார். அடியில் உண்மையையே சிதைப்பவை. அடுத்துப் புறத்தெறிதல் போன்ற முதிராதவை. அதற்கு மேல் ஒடுக்கம், எதிர்வினை உருவாக்கம் போன்றவை. உச்சியில் நகைச்சுவை, அடக்குதல், முன்கூட்டி எதிர்பார்த்துத் தயாராதல், பிறர்க்கு உதவுதல், உயர்மடைமாற்றம். மேற்படிகளைப் பயன்படுத்தியவர்களின் வாழ்க்கை பொதுவாக நன்றாக அமைந்திருந்தது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அத்தனை பேரும் ஆண்கள், வெள்ளையர்கள், ஹார்வர்டுக்குள் நுழைந்தவர்கள். கையில் காசும் பின்னால் குடும்பமும் உள்ளவனுக்கு முதிர்ச்சியாக நடந்துகொள்வது சற்று எளிது.

இந்தியாவில் இந்த எண்ணங்களுக்கு யாராவது பங்களித்தார்களா?

கிரீந்திரசேகர் போஸ். கல்கத்தா மருத்துவர். 1921இல் ஒடுக்கம் பற்றிய ஆய்வேட்டுக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஃபிராய்டோடு பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். இருவரும் நேரில் சந்தித்ததில்லை. ஃபிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலை போயிற்று.

அவரை வெறும் சீடர் என்று எண்ண வேண்டாம். உள்முரணுக்கு அவர் வேறு விளக்கம் தந்தார். ஒவ்வோர் ஆசையும் தன் எதிர் ஆசையோடு சேர்ந்தே பிறக்கிறது. அடிக்க விரும்புவதோடு அடிபட விரும்புவதும் உடன் இருக்கிறது. ஒன்று மேலெழும்போது மற்றது கீழே போகிறது. ஆகவே ஒடுக்கத்துக்கு வெளியிலிருந்து ஒரு காவலாளி தேவையில்லை என்றார். தந்தை தன்னை ஆண்மையிழக்கச் செய்துவிடுவார் என்ற பயத்துக்கு ஃபிராய்ட் பெரிய இடம் கொடுத்திருந்தார். என் இந்திய நோயாளிகளிடம் அது அவ்வளவு வலுவாகத் தெரியவில்லை என்றும் போஸ் எழுதினார். ஃபிராய்ட் மரியாதையாகப் பதில் எழுதினார். கோட்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

இவற்றுக்கு ஆய்வுச் சான்று உண்டா?

எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. 1998இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்த சோதனை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எதிர்வினை உருவாக்கம், மறுத்தல், உணர்வைப் பிரித்தெடுத்தல் ஆகியவற்றுக்குப் போதிய ஆதாரம் கிடைத்தது. புறத்தெறிதல் நடக்கிறது, ஆனால் அது தற்காப்பின் பக்கவிளைவாக இருக்கலாம் என்றார்கள். இடமாற்றம், அதாவது அலுவலகக் கோபத்தை வீட்டில் கொட்டுவது, எல்லோரும் நம்பும் உத்தி; அதற்குக் கிடைத்த ஆதாரம் பலவீனமானது. உயர்மடைமாற்றத்துக்கு ஆதாரமே இல்லை. அழகான கருத்து, பாவம்.

1979இல் டேனியல் வைன்பெர்கர் குழு செய்த ஆய்வும் குறிப்பிடத்தக்கது. 'எனக்குப் பதற்றமே கிடையாது' என்று வினாத்தாளில் எழுதிய ஒருசாரார், அதே நேரத்தில் தங்களை நல்லவர்களாகக் காட்டிக்கொள்ளும் போக்கும் மிகுந்தவர்கள். சங்கடமான வாக்கியங்களைக் கொடுத்து அவர்களின் இதயத் துடிப்பையும் வியர்வையையும் அளந்தபோது, உடல் வேறு கதை சொன்னது.

கவனிக்க வேண்டியது: இந்த ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுவது, மனிதர்கள் தங்கள் நன்மதிப்பைக் காப்பாற்றத் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்பதை. ஃபிராய்ட் சொன்னதுபோல் குழந்தைப் பருவப் பாலுணர்வுதான் அதன் வேர் என்பதை அல்ல. உத்திகள் பிழைத்தன, அவற்றைப் பெற்ற கோட்பாடு அவ்வளவாகப் பிழைக்கவில்லை.

இதை அறிவியல் அல்ல என்று ஏன் சொல்கிறார்கள்?

எப்படிப்பட்ட சான்று வந்தாலும் தோற்க மறுக்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு. அறிவியல் மெய்யியலாளர் கார்ல் பாப்பர் இரண்டு மனிதர்களைக் கற்பனை செய்யச் சொன்னார். ஒருவன் குழந்தையைத் தண்ணீரில் தள்ளிக் கொல்லப் பார்க்கிறான். இன்னொருவன் அதைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்கிறான். முதல்வனிடம் ஒடுக்கம், இரண்டாமவனிடம் உயர்மடைமாற்றம் என்று ஃபிராய்டின் கோட்பாடு இரண்டையும் விளக்கிவிடும். எது நடந்தாலும் விளக்கிவிடும் கோட்பாடு, எது நடக்காது என்று சொல்லவில்லை. ஆகவே அதைச் சோதிக்க முடியாது.

இதற்குக் கற்பனையே தேவையில்லை, வரலாற்றிலேயே உதாரணம் உண்டு. மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி நியூகினிக்கு அருகிலுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்தபோது, அங்கே தாய்வழி முறைப்படி பிள்ளைகளைக் கண்டிக்கும் அதிகாரம் தாய்மாமனிடம் இருப்பதையும், தந்தை தோழன்போல் பழகுவதையும் கண்டார். பையன்களின் மறைமுகப் பகை தந்தைமேல் அல்ல, மாமன்மேல் போயிற்று. அப்படியானால் ஃபிராய்ட் சொன்ன தந்தைமேல் பகை என்பது உலகப் பொதுவிதி அல்லவே என்று கேட்டார். எர்னஸ்ட் ஜோன்ஸ் 1925இல் சொன்ன பதில்: தாய்வழி முறையே தந்தைமேல் உள்ள பகையைத் திசைதிருப்ப அந்தச் சமூகம் உண்டாக்கிக்கொண்ட தற்காப்பு! எதிர்ச்சான்றையே சான்றாக மாற்றிவிட்டார்.

அதே தந்திரம் சிகிச்சை அறையிலும் நடந்தது. 1900இல் டோரா என்று ஃபிராய்ட் பெயரிட்ட 18 வயதுப் பெண் வந்தார். தந்தையின் நண்பர் தன்னிடம் தவறாக நடக்க முயன்றார் என்று அவர் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை. ஃபிராய்ட் நம்பினார், ஆனால் அந்த அருவருப்புக்குப் பின்னால் அந்த மனிதர்மேல் ஆசை ஒளிந்திருக்கிறது என்றார். அந்தப் பெண் இல்லை என்றபோது, அந்த 'இல்லை' ஒடுக்கத்தின் அடையாளம் என்று எழுதினார். பதினோரு வாரத்தில் அவர் சிகிச்சையை விட்டுப் போனார். பிறகு அந்த நண்பரின் குடும்பத்தை நேரில் கேட்டு, நடந்தது உண்மை என்று ஒப்புக்கொள்ளவும் வைத்தார். என் பார்வையில் டோராவிடம் முரண் இருந்ததோ இல்லையோ, அவரைச் சுற்றியிருந்த பெரியவர்களிடம் தாராளமாக இருந்தது.

முதலில் சொன்ன எலிசபெத்தும் பிற்காலத்தில் மகளிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். தாடி வைத்த இளம் நரம்பு மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்கள்; அத்தான்மேல் எனக்குக் காதல் என்று என்னை நம்பவைக்கப் பார்த்தார்; உண்மையில் அப்படி இல்லை என்ற பொருளில் சொன்னாராம். இதையும் ஒடுக்கம் என்று சொல்லலாம். கணவரோடு நன்றாக வாழ்ந்த பெண் மகளிடம் வேறு என்ன சொல்வார் என்றும் கேட்கலாம். ஃபிராய்ட் தவறாகக் கணித்தார் என்றும் சொல்லலாம். மூன்றில் எது என்று முடிவு செய்ய வழியில்லாமல் இருப்பதுதான் இந்த முறையின் பிரச்சினை.

ஃபிராய்டுக்கு இந்தக் குறை தெரியாமல் இல்லை. 1937இல் இதற்கென்றே பதில் எழுதினார். நோயாளி 'ஆமாம்' என்பதையும் தாம் அப்படியே ஏற்பதில்லை, பின்னால் என்னென்ன நினைவுகள் வருகின்றன என்றுதான் பார்ப்பதாகச் சொன்னார். மெய்யியலாளர் அடால்ஃப் குரூன்பாம் 1984இல் கைவைத்தது அங்கேதான். கோட்பாட்டைச் சோதிக்க முடியும், பாப்பர் சொன்னது தவறு என்றார். ஆனால் சிகிச்சைக் கட்டிலில் படுத்துப் பேசும் நோயாளி, பகுப்பாய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்பதை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறார். அதற்கேற்ற நினைவுகளே வருகின்றன. அந்த அறைக்குள் கிடைக்கும் சான்று கறைபட்டது என்றார். பாப்பரைவிட இவருக்குப் பதில் சொல்வதுதான் கடினம்.

கோட்பாடு பிழையாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

தாய்மாருக்கு நஷ்டம் வந்தது. ஆட்டிசம் கொண்ட குழந்தை, அன்பில்லாத தாயிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே உள்ளே ஒடுங்கிவிட்டது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அத்தகைய தாய்மாருக்குக் குளிர்பெட்டித் தாய் என்று பெயர் வைத்தார்கள். சிகாகோவில் குழந்தைகளுக்கான சிகிச்சைப் பள்ளி நடத்திய புருனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் இந்தக் கருத்தை வீடுவீடாகக் கொண்டுபோயிற்று. அதற்கு மூன்றாண்டு முன்பே, ஆட்டிசம் கொண்ட மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் இது உடல் சார்ந்த வளர்ச்சிநிலை என்று வாதிட்டு நூல் எழுதியிருந்தார். அவர்தான் சரி. ஆனாலும், பிள்ளையைக் கவனித்துக்கொண்டே பழியையும் சுமந்தார்கள் பல தாய்மார்கள். நான் குழந்தையை நேசிக்கிறேனே என்று அழுத தாய்க்குக் கோட்பாட்டில் பதில் தயாராக இருந்தது: மிகையான பாசம் எதிர்வினை உருவாக்கம்.

சிகிச்சை தவறிய நிகழ்வும் ஒன்று உண்டு. அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் ரஃபேல் ஓஷெராஃப் கடும் மனச்சோர்வோடு 1979இல் மேரிலாண்டின் செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையில் சேர்ந்தார். சுமார் ஏழு மாதம் மருந்து தராமல் உளப்பகுப்பாய்வு வழியில் மட்டுமே சிகிச்சை நடந்தது. அவர் ஏறத்தாழ 18 கிலோ இளைத்தார். ஓயாமல் நடந்து நடந்து பாதம் புண்ணாயிற்று. குடும்பத்தார் வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே மருந்து தொடங்கிய சில வாரங்களில் தேறத் தொடங்கி, மூன்று மாதத்தில் வீடு திரும்பினார். பிறகு வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிந்தது. சான்றுள்ள சிகிச்சை கையில் இருக்கும்போது அதை நோயாளியிடம் சொல்லாமல் இருக்கலாமா என்ற விவாதம் அமெரிக்க மனநல மருத்துவத்தில் இந்த வழக்கால்தான் சூடுபிடித்தது.

ஒடுக்கப்பட்ட நினைவுகளைத் தோண்டி எடுக்க முடியுமா?

முடியும் என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றைச் சொல்லி, அதைச் சிலர் 'நினைவுகூரும்படி' செய்ய முடியும் என்று உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1990களில் காட்டினார். உண்மையான கொடுமைக்கு ஆளானவர்கள் பெரும்பாலோருக்குத் துன்பம் தருவது மறதி அல்ல, மறக்க முடியாமைதான்.

என் கணவர் எல்லாவற்றையும் மறுக்கிறார். அது தற்காப்பு என்று அவரிடம் சொல்லலாமா?

சொல்லிப் பயனில்லை. 'இல்லை' என்பார், அதையே நீங்கள் ஆதாரமாக்குவீர்கள், ஜோன்ஸ் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள் என்று ஆகிவிடும். அவர் உண்மையிலேயே வேறு கருத்து உடையவராகவும் இருக்கலாம். குடி, சூதாட்டம் போன்றவை என்றால் மனத்தைப் பற்றிப் பேசாமல் நடந்ததைப் பற்றிப் பேசுங்கள்: எந்தத் தேதியில் எவ்வளவு பணம் போயிற்று என்று. நமக்கு நாமே கேட்டுக்கொள்ள இந்தக் கருத்துகள் பொருத்தமானவை. இவ்வளவு கோபம் இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் வந்தது என்ற கேள்வி பல நேரம் பயன் தரும்.

இன்று இந்த முறையில் சிகிச்சைக்குப் போகலாமா?

வாரத்துக்கு நான்கைந்து நாள், ஆண்டுக்கணக்கில் கட்டிலில் படுத்துப் பேசும் பழைய முறை இன்று அரிது. அதிலிருந்து கிளைத்த குறுகியகால உளவியக்கச் சிகிச்சைகள் மனச்சோர்வுக்கும் வேறு சில சிக்கல்களுக்கும் உதவுகின்றன என்று ஆய்வுகள் உள்ளன. இன்று பரவலாக உள்ள அறிவாற்றல் சிகிச்சையும் இந்த வீட்டிலிருந்து வெளியேறிய பிள்ளைதான். அதை உருவாக்கிய ஆரன் பெக் பகுப்பாய்வாளராகப் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது தன்மேலேயே திருப்பிவிடப்பட்ட கோபம் என்ற ஃபிராய்ட் கருத்தை நிரூபிக்கவே நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கோபத்துக்குப் பதில் தோல்வியும் இழப்பும்தான் அங்கே இருந்தன. கோட்பாட்டை விட்டுவிட்டு, நோயாளிகள் நனவோடு நினைப்பதையே கவனிக்கத் தொடங்கினார்.

தூக்கமும் பசியும் கெட்டு, எடை குறைந்து, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு போன்ற உடற்காரணங்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். உறவுகளில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடப்பதுபோன்ற சிக்கல் என்றால் உளவியக்க முறை பொருந்தலாம். எந்தச் சிகிச்சையாளரானாலும், எத்தனை மாதம் பார்ப்போம், பலனில்லை என்பதை எதைக்கொண்டு முடிவு செய்வோம், வேறு என்ன சிகிச்சைகள் இருக்கின்றன என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். அந்தக் கேள்வியையே உங்கள் தற்காப்பு என்று சொல்பவரானால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.